ஒரு குடம் தண்ணீரும் ஒரு நாற்காலியும்

1

இந்த வருஷம் பனி உருகும் மாதத்தில் என் மனைவி பூங்காவனத்தை அமெரிக்க போலீஸ் விலங்கு மாட்டி அழைத்துக்கொண்டு போனது. தெருவைப் பெருக்க விடாமல் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள் என்பது குற்றம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நம் ஊர் போலீஸும் அவள்மேல் வழக்குப் போட்டது. அப்போது தெருவைக் கழுவினாள் என்பது குற்றம். சட்டப் புத்தகத்தில் பிரிவு எண்தான் வேறே. இரண்டு நாட்டிலும் சொன்னது ஒன்றைத்தான்: நீ நீதிக்குக் குறுக்கே நின்றாய்.

அமெரிக்கா பற்றி எழுது, பனி எப்படி இருக்கும் என்று எழுது என்று ஊரிலிருந்து கேட்கிறார்கள். பனி வெள்ளையாக இருக்கும், ஜில்லென்று இருக்கும். அது முடிந்தது. நான் இங்கே மிச்சிகனில் கார் பாகம் செய்யும் பட்டறையில் டூல் மேக்கர். அலங்காரமாக எழுத வராது. நீதிக்குத் தடை போட மந்திரியாகவோ ரௌடியாகவோ இருந்தாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன். அந்த அளவுக்கெல்லாம் போக வேண்டாம். ஒரு குடம் இருந்தால் போதும். குடம் இல்லாவிட்டால் நாற்காலி.

2

எமர்ஜென்சிக்கு முந்தின வருஷம். ஒரகடம் கூட்ரோட்டிலிருந்து வாலாஜாபாத் போகிற ரோட்டை ஒட்டி எங்கள் வீடு. அப்போது அந்த ரோட்டில் ஒரு வண்டி போனால் எதிரே வருகிறவன் மண்ணில் இறங்கி நிற்க வேண்டும். கிரஷரிலிருந்து ஜல்லி ஏற்றிக்கொண்டு வருகிற லாரிகள் மட்டும் யாருக்காகவும் இறங்காது.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி தேசிங்கு அண்ணன். ஏரித் தண்ணீரை வயல்களுக்குத் திருப்பிவிடுகிற நீர்க்கட்டி வேலை அவருக்கு. அவர் மனைவி அலமேலு அக்கா. பூங்காவனம் கல்யாணமாகி வந்தபோது ஊரில் அவளுக்குக் கிடைத்த ஒரே சிநேகிதி அந்த அக்காதான். ஒருத்தி தலையில் இன்னொருத்தி பேன் பார்ப்பாள், இரண்டு பேரும் சேர்ந்து மற்றவர்கள் தலையை உருட்டுவார்கள்.

ஒரு நாள் காலையில் தேசிங்கு அண்ணன் சைக்கிளில் மண் ஓரமாகத்தான் போய்க்கொண்டிருந்தார். ஜல்லி லாரி தாரை விட்டு மண்ணில் இறங்கி அவரை அடித்தது. சரியாக எங்கள் வாசலுக்கு எதிரே. டிரைவர் குதித்து ஓடிவிட்டான். அண்ணனை யாரோ ஜீப்பில் போட்டுக் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது.

எங்கள் பக்கத்தில் வாசலெதிரே ரத்தம் சிந்தினால் அதைக் கழுவிச் சாணி தெளிக்காமல் அடுப்புப் பற்றவைக்க மாட்டார்கள். மனுஷ ரத்தத்தை வெயில் குடிக்கக்கூடாது என்பது சொல்வழக்கு. செத்தவருக்குச் செய்கிற முதல் மரியாதை அது. பூங்காவனம் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். போலீஸ் வரட்டும் என்று நான்தான் நிறுத்தி வைத்திருந்தேன். எனக்கு அந்த அளவுக்குச் சட்டம் தெரியும்.

ஏட்டு வந்தார். எதிர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நாலு வரி எழுதினார். டீ குடித்தார். பன்னையும் தொட்டுச் சாப்பிட்டார். பிறகு ரோட்டைப் பார்த்து மூக்கைச் சுளித்தார்.

"இந்தாம்மா, ஈ மொய்க்குது பாரு. ஒரு கொடம் தண்ணி ஊத்திவுடு. டீ உள்ள எறங்கல."

"ஊத்தலாமா ஏட்டையா?"

"ஊத்துன்றேன்ல?"

ஊற்றினாள். மண் ஓரத்தை நன்றாகப் பெருக்கிச் சாணி தெளித்தாள். அழுதுகொண்டே தெளித்தாள். அவளுக்குத் தெரிந்த மரியாதையைக் குறையில்லாமல் செய்து முடித்தாள்.

இரண்டு நாள் கழித்து இன்ஸ்பெக்டர் வந்தார். தேசிங்கு அண்ணன் ஓரமாகப் போனாரா, நடு ரோட்டில் போனாரா என்று அவர் படம் வரைய வேண்டும். லாரி மண்ணில் இறங்கின டயர் தடமும் ரத்தம் கிடந்த இடமும் இருந்தால்தான் அதைச் சொல்ல முடியும். அவர் பார்த்தபோது அங்கே பச்சையாக, சுத்தமாக, பொங்கலுக்கு மெழுகின மாதிரி இருந்தது.

"யாருய்யா கழுவுனது?"

ஏட்டு என் வீட்டைக் காட்டினார். "இந்தம்மாதான் சார். நான் வர்றதுக்கு முன்னாலயே கழுவி முடிச்சிடுச்சி."

3

தடயத்தை அழித்ததாகப் பூங்காவனத்தின் மேல் வழக்கு. லாரி முதலாளியைக் காப்பாற்றும் நோக்கத்தோடு செய்தாள் என்று அதில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். நான் ஸ்டேஷனுக்குப் போனேன்.

"நீங்க சொல்லித்தானே ஊத்துனா?" என்று ஏட்டைக் கேட்டேன்.

"நான் சொன்னேன்னு எங்கனா எழுதிக்கீதா?"

"டீக்கடைல அத்தினி பேரு கேட்டாங்க."

"அத்தினி பேரையும் இட்டுகினு வா, பாக்கலாம். டூட்டில கீற ஆளாண்ட வந்து சவுண்டு வுடறியே, இன்னா தைரியம்பா உனுக்கு."

அரசு ஊழியரைப் பணி செய்ய விடாமல் தடுத்ததாக என்மேல் ஒரு வழக்கு. நான் உள்ளே நுழைந்தபோது அவர் மேசைமேல் கால் வைத்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பணியைத்தான் நான் தடுத்தேன். டீக்கடையில் கேட்டவர்களைக் கூப்பிட்டால், ஒருவருக்குக் காது மந்தம், இன்னொருவர் அன்றைக்கு ஊரிலேயே இல்லை, கடைக்காரருக்குக் கடை லைசென்ஸ் ஞாபகம் வந்துவிட்டது. அவர்களைக் குறை சொல்லவில்லை. என் கதி என்ன ஆனது என்று பார்த்தவர்கள் அவர்கள்.

இதெல்லாம் போகட்டும். ஒரு நாள் அந்த லாரிக்கும் சொந்தக்காரரான கிரஷர் முதலாளி வெள்ளை வேட்டியில் எங்கள் வீட்டுக்கு வந்தார். பின்னால் ஒரு ஆள் தாம்பாளம் ஏந்தி வந்தான். இரண்டு சீப்பு வாழைப்பழம், நாலு ஆப்பிள், பூ. தெருவே பார்த்தது.

"தாயி, நீ கழுவுனது சாமியே வந்து கழுவுன மாரி. ஒனக்கு வக்கீலு நான் வெச்சித் தரேன்."

முட்டாளா, விஷமியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. தட்டைத் திண்ணைப்பக்கம்கூட வைக்க விடாமல் நான் விரட்டினேன். அந்த ஆள் வாசல் மண்ணிலேயே கவிழ்த்துவிட்டுப் போனான். கொஞ்ச நேரத்தில் அலமேலு அக்கா வந்தார். தாலி கழற்றின கழுத்தோடு, அவர் வீட்டு வாசலை விட்டு வெளியே வந்தது அன்றுதான் முதல்.

"இன்னாடி குடுத்தான் உனுக்கு? இந்த ரெண்டு சீப்புப் பழமா? இதுக்கா எம் புருசன் தடத்த அழிச்ச?"

"அக்கா, சத்தியமா..."

"என்னிய அக்கான்னு கூப்டாத. கூட்டுனியே, அந்த வெளக்கமாத்தால என்னியும் கூட்டித் தள்ளிடு."

பூங்காவனம் பழத்தை மாட்டுக்குப் போட்டாள். மாடு தின்றது. அலமேலு அக்கா அதற்குப் பிறகு அவளோடு பேசவில்லை. நாங்கள் ஊரை விட்டுக் கிளம்பின அன்றுகூட, பூங்காவனம் அவர் வாசலில் நின்று கூப்பிட்டுப் பார்த்தாள். உள்ளே பாத்திரம் உருட்டுகிற சத்தம்தான் வந்தது.

வழக்கு என்ன ஆயிற்று என்றால், பஸ் ஏறிக் கோர்ட்டுக்குப் போவோம், வாய்தா வாங்கிக்கொண்டு திரும்புவோம். எமர்ஜென்சி வந்தது, போனது. நாங்கள் வாய்தாவுக்குப் போய்க்கொண்டே இருந்தோம். கைக்குழந்தையாகத் தூக்கிப்போன எங்கள் பெண் கலைச்செல்வி கோர்ட்டு மரத்தடியில்தான் நடக்கப் பழகினாள். லாரி டிரைவர்மேல் இருந்த வழக்கு தடயம் இல்லை என்று விழுந்துபோனது. கடைசியில் என்மேல் இருந்த வழக்கும் பூங்காவனத்தின் வழக்கும் தள்ளுபடி. தடயத்தை அழித்தாள் என்பதற்குப் போதிய தடயம் இல்லையாம்.

எனக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்தபோது, பாஸ்போர்ட்டுக்கு விசாரிக்க வந்தது அதே ஏட்டு.

"உம்மேல ஒரு கேஸ் இருந்திச்சே, யாரு போட்டது?"

"நீங்கதான்."

"அப்டியா?" என்று சிரித்தார். "நல்ல மனுசன்பா நீ" என்று சொல்லி டீ கேட்டார். பூங்காவனம் போட்டுக் கொடுத்தாள். சர்க்கரை போடவில்லை. அவளால் முடிந்த எதிர்ப்பு.

4

இங்கே அவளுக்கு ஆஸ்பத்திரிச் சமையலறையில் பாத்திரம் கழுவுகிற வேலை. "இந்த ஊர்ல கழுவுனா சம்பளம் தராங்க" என்று ஆரம்பத்தில் சிரிப்பாள்.

காலையில் எழுந்ததும் வாசல்படியில் தண்ணீர் தெளிக்கிற பழக்கத்தை விடவில்லை. முதல் குளிர்காலத்தில் அது அப்படியே உறைந்து தபால்காரர் வழுக்கி விழுந்தார். அதற்கும் வழக்கு வருமோ என்று நான் பயந்தேன். அந்த மனுஷர் எழுந்து தொப்பியைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

கலைச்செல்விக்குப் பள்ளிக்கூடத்தில் பெயர் கெல்லி. பெயரின் முதல் எழுத்தோடு சிநேகிதிகளுக்கு மூச்சு நின்றுபோகிறதாம். வீட்டில் நாங்கள் தமிழில் கேட்போம், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். மூக்குத்தி போட்ட அம்மா பள்ளிக்கூட பஸ் நிற்கிற இடத்துக்கு வர வேண்டாம், தெருமூலையில் நின்றால் போதும் என்று உத்தரவு. பூங்காவனம் மூலையில் நின்றாள்.

பக்கத்து வீட்டில் டோரத்தி, வால்டர் என்று கறுப்பினத் தம்பதி. வால்டர் வார்ப்படப் பட்டறையில் உழைத்து ஓய்வு பெற்றவர். மார்ச் கடைசியில் ஒரு பகல், அவர் ரோட்டைக் கடக்கும்போது ரொட்டி கம்பெனி லாரி ஒன்று நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் வந்து அடித்தது. இரண்டு காலும் போய்விட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஆம்புலன்சில் டோரத்தியும் ஏறிப் போனார். நான் பட்டறையில் இருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த கலைச்செல்வியும் மற்றவர்களும் சொன்னதை வைத்து இதை எழுதுகிறேன்.

ஒரு இளவயதுப் போலீஸ்காரர் மட்டும் நின்றார். அளவெடுக்கிற அதிகாரி வருவார் என்று சொன்னார்கள், வரவில்லை. அதற்குள் ரொட்டி கம்பெனியிலிருந்து ஒரு ஆள் வந்துவிட்டான். கையில் பெரிய விளக்குமாறு, வாளி. உடைந்த கண்ணாடியைக் கூட்டி, ரோட்டோரம் உருகின பனிச் சேற்றில் லாரி ஏறின தடத்தையும் தள்ளிவிட்டு, வழியைத் திறந்துவிடலாமா என்று கேட்டான். கார்கள் வரிசையாக ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. போலீஸ்காரர் தலையை ஆட்டினார்.

பூங்காவனம் ஜன்னலில் இதைப் பார்த்தாள். விளக்குமாறு, வாளி, தலையாட்டுகிற போலீஸ். அவளுக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. சமையலறை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், தடம் ஆரம்பிக்கிற இடத்துக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

5

போலீஸ்காரர் எழுந்திருக்கச் சொன்னார். இவள் தமிழில் பதில் சொன்னாள். அவர் மறுபடி சொன்னார். இவளும் மறுபடி சொன்னாள்.

"வெளக்கமாத்தக் கீழ போடச் சொல்லு. அப்பறம் எழுந்துக்கறேன்."

ரொட்டி கம்பெனி ஆள் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு கூட்டப் பார்த்தான். இவள் விளக்குமாற்றுக் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கூட்டம் கூடிவிட்டது. பள்ளிக்கூட பஸ்ஸிலிருந்து கலைச்செல்வி சிநேகிதிகளோடு இறங்கினாள். அந்தப் பெண்கள் வேடிக்கை பார்த்துவிட்டு, "கெல்லி, அது உங்க அம்மாதானே?" என்று கேட்டார்கள்.

"இல்லை. பக்கத்து வீட்டு அம்மா."

எங்கள் வீட்டுக்குள்ளேயே ஒரு ஏட்டு வளர்ந்திருப்பது எனக்கு அன்று வரைக்கும் தெரியாது.

போலீஸ்காரர் விலங்கை எடுத்த நேரத்தில் அளவெடுக்கிற அதிகாரியின் வண்டி வந்து நின்றது. ஒருவர் அவளைக் காரில் ஏற்ற, இன்னொருவர் நாடாவைப் பிடித்து அளந்தார். நாற்காலி இருந்த இடத்திலேயே இருந்தது. அதை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

பட்டறையில் ஃபோர்மேன் வந்து, உன் மனைவி ஜெயிலில் இருக்கிறாள் என்றான். கூட வேலை செய்கிறவர்கள் சுற்றி நின்று, யாரை அடித்தாள் என்று கேட்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்தாள் என்று எப்படிச் சொல்வது? ஒருவன் மட்டும் என் தோளைத் தட்டி, என் மாமியாரும் அப்படித்தான் என்றான்.

சாயங்காலம் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டார்கள். வழக்கு மட்டும் விடவில்லை. இங்கே ஃபெலனி என்று ஒன்று உண்டு. கொலை, கொள்ளை, வீட்டுக்குத் தீ வைப்பது எல்லாம் அந்த வரிசை. போலீஸின் வேலைக்குக் குறுக்கே நிற்பதும் அதே வரிசையில் இருக்கிறது. நிரூபித்தால் ஜெயில், பிறகு நாட்டை விட்டு வெளியே. அவள் மட்டும் போக வேண்டியிருக்கும். கலைச்செல்வி இங்கே, அவள் அங்கே.

அரசாங்கம் கொடுத்த வக்கீல் சின்னப் பையன் மாதிரி இருந்தான். ஆனால் விஷயம் தெரிந்தவன். எதெல்லாம் இந்த வலையில் விழும் என்று எனக்கு விளக்கினான். போலீஸ் கேட்டால் பாதி உண்மை சொல்வது. தம்பியிடம் "நீ ஒன்றும் பேசாதே" என்பது. கறை பட்ட சட்டையைத் துவைப்பது. வந்த கடிதத்தைக் கிழித்துப் போடுவது. போலீஸ் நகரச் சொன்ன இடத்தில் நகராமல் நிற்பது. நம் ஊரில் இதற்கெல்லாம் சேர்த்துக் குடித்தனம் நடத்துவது என்று பெயர். பெரிய ஆட்கள் செய்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர்களுக்கு என்னைவிட நல்ல வக்கீல் இருப்பார் என்றான். யோக்கியமான பையன்.

சின்னக் குற்றமாக ஒப்புக்கொண்டால் அபராதத்தோடு முடித்துத் தருகிறேன் என்றும் சொன்னான். வீட்டில் வந்து பூங்காவனத்திடம் சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு ஒத்துக்கணும்? அங்க கழுவுனது தப்புன்னாங்க. சரி, தெரியாம பண்ணிட்டேன்னு இருந்தேன். இங்க கழுவ வுடலன்னா அதுவும் தப்புன்றாங்க. ரெண்டுல எது தப்புன்னு மொதல்ல அவங்கள ஒரு முடிவுக்கு வரச் சொல்லுங்க."

"உன்ன ஊருக்கு அனுப்பிட்டா இன்னாடி பண்ணுவ?"

"போறேன். ஒத்துகினு போவ மாட்டேன்."

கலைச்செல்வி மேசையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். கழுவினது என்றால் என்ன, எப்போது கழுவினாய் என்று கேட்டாள். அந்தக் கதையை நாங்கள் அவளுக்குச் சொன்னதே இல்லை. பூங்காவனம் சொன்னாள். பழத்தட்டு வரைக்கும், அலமேலு அக்கா கேட்ட கேள்வி வரைக்கும் சொன்னாள். கலைச்செல்வி பேனாவைக் கடித்துக்கொண்டே கேட்டாள். வீட்டுப்பாடத்தை முடிக்காமலே படுக்கப் போய்விட்டாள்.

6

கோர்ட்டில் இந்திய மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று எழுதிப் போட்டிருந்தார்கள். டர்பன் கட்டின பெரியவர் ஒருவர் வந்திருந்தார். அவர் பூங்காவனத்திடம் பஞ்சாபியில் கேட்டார், பிறகு இந்தியில் கேட்டார். பூங்காவனம் அவருக்கு மரியாதையாகக் கும்பிடு போட்டாள். என்ன சொல்கிறாள் என்று நீதிபதி கேட்டார். வணக்கம் சொல்கிறாள் என்று பெரியவர் உண்மையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

வேறு யாருக்காவது அந்தப் பெண்மணியின் மொழி தெரியுமா என்றார் நீதிபதி. நான் எழுந்திருப்பதற்குள் பின் வரிசையிலிருந்து சத்தம் வந்தது.

"எனக்குத் தெரியும். அவங்க என் அம்மா."

என் பெண் எழுந்து போய் அம்மா பக்கத்தில் நின்றாள். அவள் தமிழ் ஒன்றும் பெரிய தமிழ் இல்லை. ஆனால் அம்மா சொன்னதில் குடம், சாணி, விளக்குமாறு, லாரி என்று ஒன்றையும் விடாமல் இங்கிலீஷில் சொன்னாள். சாணி என்ற இடத்தில் நீதிபதி இரண்டாம் தடவை கேட்டார். அவள் வெட்கப்படாமல் இரண்டாம் தடவையும் சொன்னாள்.

அளவெடுத்த அதிகாரியைக் கூப்பிட்டார்கள். அவர் வரைந்த படத்தில் சேற்றுத் தடம் ஆரம்பிக்கிற இடத்தில் சின்னதாக ஒரு சதுரம், பக்கத்தில் 'நாற்காலி' என்று எழுதியிருந்தார். அது என்ன என்று நீதிபதி கேட்டார். அது இல்லாவிட்டால் இந்தத் தடமே இருந்திருக்காது, லாரி நிற்காமல் வந்தது என்று சொல்ல எனக்கு வேறு ஆதாரம் இல்லை என்றார் அவர். சொல்லும்போது இளவயதுப் போலீஸ்காரரின் பக்கம் திரும்பவில்லை. அரசாங்க வக்கீல் எழுந்து வழக்கை வாபஸ் வாங்கிக்கொள்கிறோம் என்றார்.

நீதிபதி தள்ளுபடி செய்துவிட்டுப் புத்திமதியும் சொன்னார். அடுத்த முறை இப்படி ஏதாவது பார்த்தால் நீங்களே இறங்கக்கூடாது, போலீஸைக் கூப்பிட வேண்டும்.

கலைச்செல்வி அதைத் தமிழில் சொன்னாள். பூங்காவனம் சொன்ன பதிலையும் மாற்றாமல் இங்கிலீஷில் சொன்னாள்.

"போலீசு அங்கதான நின்னுகினு இருந்தாரு."

7

வால்டருக்கு ஒரு கால் தப்பித்தது. ரொட்டி கம்பெனியின் மேல் போட்ட வழக்கு இன்னும் நடக்கிறது. பூங்காவனத்தின் வழக்கு தள்ளுபடியான அன்று சாயங்காலம் டோரத்தி ஆப்பிள் வைத்துச் சுட்ட பணியாரம் ஒன்றைத் தட்டில் ஏந்தி வந்தார். இங்கே பை என்பார்கள். வாசல் முழுக்க நல்ல வாசனை. பூங்காவனம் அவரைக் கட்டிக்கொண்டாள், அழுதாள், உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். தட்டை மட்டும் உள்ளே விடவில்லை.

"அவங்க கேஸ் முடியட்டும்னு சொல்லுடி. முடிஞ்சப்பறம் எவ்ளோ குடுத்தாலும் துன்றேன். இப்ப யாராச்சும் பாத்தா இன்னா நெனப்பாங்க?"

கலைச்செல்வி சொன்னாள். டோரத்தி எழுந்து போய்த் தட்டைத் தன் வீட்டில் வைத்துவிட்டு, வெறும் கையோடு திரும்பி வந்து உட்கார்ந்தார்.

அவர் போன பிறகு பூங்காவனம் என்னிடம், "அலமேலு அக்காவுக்கு எழுதுங்க. இங்க ஒருத்தரு தடம் அழியாம பாத்துகினேன்னு எழுதுங்க" என்றாள். மூன்று கடிதம் போட்டேன். பதில் இல்லை. அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. யாரையும் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லியும் இருக்க மாட்டார்.

அதனால்தான் இதைப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். இதைப் படிக்கிறவர்களில் யாராவது அந்தப் பக்கம் போனால், ஒரகடம் கூட்ரோட்டில் இறங்கி வாலாஜாபாத் ரோட்டில் நடந்து, நீர்க்கட்டி தேசிங்கு வீடு என்று கேளுங்கள். காட்டுவார்கள். அந்த அக்காவுக்கு இதை உரக்கப் படித்துக் காட்டுங்கள். திட்டினால் வாங்கிக்கொண்டு படியுங்கள்.

பழம் மட்டும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள்.